"வலுவிழந்தது" என்று செய்தி வந்த பிறகு புயல் மறுபடி வலுப்பெறுவது எப்படி?

கடைமடைக்காரி (தலைஞாயிறு):

வணக்கம். புயல் விஷயத்தில் எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

எங்களுக்குத் தலைஞாயிறு பக்கம் பன்னிரண்டு மா (ஏறக்குறைய நான்கு ஏக்கர்) நிலம். அரிச்சந்திரா நதிப் பாசனம், சுத்தமான கடைமடை. மேட்டூர் தண்ணீர் எங்களுக்குக் கடைசியில்தான் வரும். மழை என்றால் மேலே இருக்கிற ஊர்த் தண்ணீர் முழுக்க எங்களிடம் வந்துதான் தேங்கும். ஐப்பசி, கார்த்திகையில் சம்பா தூர் கட்டி நிற்கிற நேரத்தில் புயல் செய்தி வந்துவிடும். அப்போது ஊரில் எல்லாரும் டிவியில் காத்திருப்பது ஒரே வரிக்குத்தான்: 'வலுவிழந்தது'. அது ஓட ஆரம்பித்ததும் இனி பயமில்லை என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். மேலுரத்தைத் தள்ளிப் போட்டவர்கள் யூரியா மூட்டையைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போகிறார்கள். தண்ணீர் இறைக்க வாடகை இன்ஜினுக்குச் சொல்லி வைத்தவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

2024-இல் ஃபெஞ்சல் வந்தபோது நடந்ததைப் பாருங்கள். நவம்பர் 26-ஆம் தேதி ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், அடுத்து புயலாகும் என்றார்கள். ஆகவில்லை. 28-ஆம் தேதி, தாழ்வு மண்டலமாகவே கரையைக் கடக்கும் என்று அறிவிப்பு வந்தது. 29-ஆம் தேதி மதியத்துக்கு மேல் புயலாகிவிட்டது. ஓய்ந்துபோகும் என்று நினைத்த ஒன்றுக்கு மறுபடி பலம் எங்கிருந்து வருகிறது? கடல் சூடாக இருந்தால் மட்டும் போதுமா? இலங்கையைத் தாண்டி வருகிற புயலுக்குப் பாக் நீரிணையில் இருக்கிற கொஞ்சத் தண்ணீர் போதுமா? 'வலுவிழந்தது' என்று வந்த பிறகு நாங்கள் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

வானிலை மையத்தைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறேன்.

பாமணியாற்றங்கரை:

சுருக்கமாகச் சொன்னால், சூடான கடல்தான் புயலுக்குச் சாப்பாடு. நிலத்தில் ஏறினால் பட்டினி, கடலில் இறங்கினால் மறுபடி பந்தி. விவரம் வேண்டுமானால் சீர்காழி ஐயா வருவார், பொறுங்கள்.

சீர்காழி வாத்தியார்:

வந்துவிட்டேன். அம்மா, நான் பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். மொட்டைமாடியில் மழைமானி வைத்து அளவு எழுதி வருகிறேன். நீங்கள் கேட்டது டெல்டாவில் இருக்கிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பலம் எங்கிருந்து வருகிறது என்பது. சூடான கடலிலிருந்து ஈரம் ஆவியாகி மேலே போகிறது. உயரத்தில் குளிர்ந்து மேகமாகும்போது, ஆவியாவதற்குக் கடலிடம் வாங்கிய வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. அதனால் மேலே இருக்கிற காற்று சூடாகி லேசாகி, வெளிப்பக்கம் பரவுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. சுற்றியிருக்கிற காற்று அந்த இடத்தை நோக்கிப் பாய்கிறது. பூமி சுழல்வதால் அது நேராகப் போகாமல் வளைந்து சுற்றுகிறது. காற்று வேகமாக அடிக்க அடிக்க கடல் இன்னும் கூடுதலாக ஆவியாகும். இப்படியே ஒன்று மற்றொன்றை வளர்க்கும். இதற்குக் கடலின் மேல்பரப்பு சுமார் 26.5 டிகிரி செல்சியஸாவது இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து வங்கக்கடல் 28 டிகிரி அளவில் இருக்கும். சூட்டுக்குக் குறைவே இல்லை.

நிலத்தில் ஏறியதும் புயல் தளர்வதற்கு மரமும் வீடும் மலையும் காற்றைத் தடுப்பதுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த உராய்வும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய காரணம், கீழிருந்து வந்துகொண்டிருந்த ஈரம் நின்றுபோவது. ஈரம் நின்ற உடனே சுழற்சி கலைந்துவிடாது என்பதை நீங்கள் நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். தரையில் காற்று அடங்கிய பிறகும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் அது சுற்றிக்கொண்டே நகரும். அப்படிச் சுற்றிக்கொண்டே மறுபடி ஒரு சூடான கடலுக்குப் போய்ச் சேர்ந்தால், எல்லாம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. சுழற்சி தயாராக இருக்கிறது, ஈரம் மட்டும்தான் பாக்கி.

இதற்கு நல்ல உதாரணம் 2021-இல் நடந்தது. குலாப் புயல் செப்டம்பர் 26-ஆம் தேதி ஆந்திராவின் வடகோடியில் கலிங்கப்பட்டினம் பக்கம் கரையேறியது. அங்கிருந்து நாட்டின் குறுக்கே முழுதும் நடந்து, வெறும் தாழ்வுப் பகுதியாக (தாழ்வு மண்டலத்துக்கும் கீழ்ப்படி) தேய்ந்து, குஜராத் பக்கம் அரபிக்கடலில் இறங்கியது. அங்கே மறுபடி புயலாகி, ஷாஹீன் என்று வேறு பெயர் வாங்கி, அக்டோபர் 3-ஆம் தேதி ஓமனைத் தாக்கியது. இந்தப் பக்கக் கடலில் பிறந்தது அந்தப் பக்கக் கடலில் ஒரு நாட்டையே புரட்டிப் போட்டது.

நம் நாகப்பட்டினத்துக் கதையும் உண்டு. 1977 நவம்பர் 12 விடியற்காலை நாகைக்குச் சற்றுத் தெற்கே கரையேறிய புயலைப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அது தமிழ்நாட்டைக் கடந்து கேரளக் கரை வழியாக அரபிக்கடலில் இறங்கி அங்கே மறுபடி வலுப்பெற்றது. 2018 கஜாவும் அதே மாதிரிதான். நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறி, நம் தென்னையை எல்லாம் சாய்த்துவிட்டு, திண்டுக்கல் வழியாகக் கேரளாவையும் தாண்டியது. அரபிக்கடலில் கொஞ்சம் தேறியது. ஆனால் அங்கே சூழ்நிலை சரியில்லாததால் பெரிதாக வளரவில்லை.

அந்தச் 'சூழ்நிலை' என்பதில்தான் உங்கள் அடுத்த கேள்விக்குப் பதில் இருக்கிறது. கடல் சூடு மட்டும் போதாது. புயல் நேராக நிமிர்ந்து நிற்க வேண்டும். கீழ்க்காற்று ஒரு திசையிலும் 10, 12 கி.மீ. உயரத்துக் காற்று வேறு திசையில் வேகமாகவும் அடித்தால், மழை மேகமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். மையம் மொட்டையாக நிற்கும். இதை விண்ட் ஷியர் என்பார்கள். அப்புறம் வறண்ட காற்று. மார்கழி நெருங்க நெருங்க வடக்கே நிலப்பகுதியிலிருந்து காய்ந்த காற்று உள்ளே புகும். ஈரமான மேகத்துக்குள் அது போனால் மேகம் கரைந்துவிடும். மூன்றாவது, பக்கத்தில் இருக்கிற நிலம். ஃபெஞ்சல் 26, 27 தேதிகளில் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியே ஊர்ந்தது. சுழற்சியின் ஒரு பாதி தரை மேல் இருந்தால் எப்படி வளரும்? இலங்கையை விட்டு விலகி வடக்கே திறந்த கடலுக்கு வந்த பிறகுதான் அதற்கு வழி கிடைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். மணிக்கு 50 முதல் 61 கி.மீ. வரை காற்று இருந்தால் ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 ஆனால் புயல். அந்த எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிற ஒன்று, இரண்டு மூன்று கிலோமீட்டர் கூடினால் 'வலுப்பெற்றது', குறைந்தால் 'வலுவிழந்தது'. வயலில் நிற்கிற உங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. இந்தப் பெயர்கள் எல்லாம் காற்றின் வேகத்தை வைத்து மட்டும் வைத்தவை. மழைக்கு அதில் கணக்கே கிடையாது.

இதை எங்கள் ஊரே அனுபவித்திருக்கிறது. 2022 நவம்பர் 11 இரவு தொடங்கி மறுநாள் காலைக்குள் சீர்காழியில் 44 செ.மீ. மழை. அப்போது கடலில் இருந்தது புயலும் இல்லை, தாழ்வு மண்டலமும் இல்லை, வெறும் தாழ்வுப் பகுதி. என் மழைமானி நிரம்பி வழிந்தது, விடிவதற்குள் பல தடவை ஊற்றி ஊற்றி அளந்தேன். தெருவில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு ஒருவர் என்னைக் கேட்டார்: "சார், புயல் எதுவும் இல்லையே, பின்னே இது என்ன?"

2008-இல் நிஷாவும் அப்படித்தான். காரைக்கால் பக்கம் கரையேறிய சாதாரணப் புயல், காற்று பெரிய சேதம் செய்யவில்லை. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. கொட்டியது.

பாக் நீரிணை பற்றித் தனியாக எழுதுகிறேன், கை வலிக்கிறது.

அக்கரைப்பேட்டை:

வாத்தியார் ஐயா சொன்னது எல்லாம் சரி. கடல் பக்கமிருந்து ஒன்று சொல்கிறேன் தங்கச்சி.

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கம் நீரோட்டம் தெற்கே இழுக்கும். வலை விட்டால் கோடியக்கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். அந்தத் தண்ணீர் கலங்கலாக இருக்கும், வாயில் பட்டால் உப்பு மட்டாகத் தெரியும். எங்கள் அப்பா காலத்திலிருந்தே சொல்வார்கள், இது வடக்கத்தி ஆற்றுத் தண்ணீர் என்று. இதற்கும் புயலுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

அப்புறம், 'வலுவிழந்தது' என்று செய்தி வந்தாலும் கடல் உடனே அடங்காது. கரையில் காற்றே இருக்காது, அலை மட்டும் தூக்கித் தூக்கிப் போடும். அதனால்தான் அடுத்த இரண்டு மூன்று நாளைக்கு விசைப்படகுக்கு டோக்கன் (கடலுக்குப் போக அனுமதிச் சீட்டு) கொடுப்பதில்லை. எங்களில் சிலர் கோபப்படுவார்கள். ஆனால் அந்த நேரத்தில் முகத்துவாரத்தைத் தாண்டுவது ஃபைபர் படகுக்கு எவ்வளவு ஆபத்து என்று போனவனுக்குத்தான் தெரியும்.

சீர்காழி வாத்தியார்:

சம்பந்தம் நிறைய உண்டு அண்ணாச்சி. உங்கள் அப்பா சொன்னது அப்படியே உண்மை.

கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா எல்லாம் தென்மேற்குப் பருவமழையில் கொண்டுவந்து கொட்டிய நன்னீர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே வருகிறது. நன்னீர் லேசானது. உப்புத் தண்ணீருக்கு மேலே தனி அடுக்காக மிதக்கும், கீழே இருக்கிற தண்ணீரோடு சுலபமாகக் கலக்காது.

சாதாரணமாக ஒரு புயல் ஒரே இடத்தில் நின்றால் அது தன் கீழே இருக்கிற கடலைக் கலக்கிவிடும். ஆழத்துக் குளிர்ந்த தண்ணீர் மேலே வந்து, புயல் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெதுவாக நகரும் புயல்கள் பல நேரம் தளர்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் வங்கக்கடலில் இந்த நன்னீர் அடுக்கு இருக்கிற இடத்தில் அந்தக் கலக்கல் அவ்வளவாக நடக்காது. மேல்பரப்பு சூடு குறையாமல் நிற்கும். இந்துமாக்கடலின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் வங்கக்கடல் தனி ரகமாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். கடலின் மேல்பரப்புச் சூட்டோடு, எவ்வளவு ஆழம் வரை சூடு இருக்கிறது, மேலே எப்படிப்பட்ட தண்ணீர் என்பதையும் இப்போது சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

இனி பாக் நீரிணை. அதில் ஆழம் பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு மீட்டருக்கு மேல் இல்லை. தண்ணீர் சூடுதான், ஆனால் மொத்தத்தில் அதில் இருக்கிற வெப்பம் குறைவு. இரண்டு பக்கமும் நிலம் வேறு. ஆகவே அந்தச் சின்ன இடத்தில் புதிதாகப் பெரிய பலம் சேர்ப்பது கஷ்டம். ஏற்கெனவே இருக்கிற பலத்தைக் காப்பாற்றிக்கொண்டு வர முடியும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் இலங்கையின் வடபகுதியைக் கடந்து வந்ததுதான். இலங்கையில் மலையெல்லாம் தெற்கே, நடுவில். வவுனியா பக்கம் சமதரை. கடுமையான புயலாக உள்ளே நுழைந்தது, தரையில் அதிக நேரம் தங்காமல் கடலுக்கு வந்துவிட்டது.

2020 புரெவி அதற்கு நேர்மாறு. டிசம்பர் 2 இரவு திரிகோணமலைக்கு வடக்கே ஏறி, மறுநாள் மன்னார் வளைகுடாவில் இறங்கியது. மறுபடி எழும்பவில்லை, பாம்பன், ராமநாதபுரம் பக்கத்திலேயே நின்று நின்று தேய்ந்தது. செய்தியில் ஒவ்வொரு மணிக்கும் 'வலுவிழந்தது'. அதே நேரத்தில் 200 கி.மீ.க்கு அப்பால் கொள்ளிடத்தில் 36 செ.மீ., சிதம்பரத்தில் 34 செ.மீ. மழை, நடராஜர் கோயிலுக்குள் தண்ணீர். மையம் தேய்ந்துகொண்டிருந்தது, ஆனால் அதற்கு வடக்கே கிழக்குக் காற்று வங்கக்கடல் ஈரத்தை நிற்காமல் நம் தலைக்கு மேல் தள்ளிக்கொண்டே இருந்தது.

அதனால் அம்மா, நீங்கள் பார்க்க வேண்டியதை இப்படிச் சொல்கிறேன். மையம் நமக்குத் தெற்கே இருக்கிறதா, வடக்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தெற்கே இருந்தால் நமக்குக் கடலிலிருந்து வருகிற காற்று. எவ்வளவு தளர்ந்திருந்தாலும் மழை உண்டு. வடக்கே புதுச்சேரி, சென்னை என்று போய்விட்டால் நமக்கு நிலக்காற்று. பெரும்பாலும் மழை விலகும். ஃபெஞ்சல் கரையேறிய நவம்பர் 30-ஆம் தேதி புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் பெய்தது. நமக்குக் கனமழை அதற்கு முன்பே, அது தென்கிழக்கே ஊர்ந்துகொண்டிருந்தபோதே வந்துவிட்டது. அடுத்து, நகர்கிறதா நிற்கிறதா என்பது. நிற்கிறது என்றால் அதுதான் எனக்கு அதிகப் பயம். காற்று எவ்வளவு என்பதெல்லாம் தென்னை, வாழை, கூரை வைத்திருப்பவர்களுக்கு; சம்பாவுக்கு அது மூன்றாவது.

ஆடுதுறை அக்கா:

வாத்தியார் சொன்னதோடு ஒரு விவசாயச் செய்தி. மழை முழுதாக விடும்வரை யூரியாவை எடுக்காதீர்கள், அத்தனையும் வடிகாலில் போய்விடும். பயிர் மூழ்கி, தண்ணீரை வடித்த பிறகு வெளுத்துத் தெரிந்தால் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்துப் போடச் சொல்லி வேளாண் துறை பரிந்துரைக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகுதான் இது, நிற்கும்போது போட்டால் வீண்.

கடைமடைக்காரி (தலைஞாயிறு):

எல்லாருக்கும் நன்றி. மையம் தெற்கேயா வடக்கேயா என்று பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அண்ணன் சொன்ன நீரோட்டமும் புதுச் செய்தி.

இன்னும் ஒரு கேள்வி ஐயா. புயல் கரையேறும்போது டெல்டா முழுக்கத் தண்ணீராகத்தான் இருக்கிறது. வயல், வாய்க்கால், குளம் எல்லாம் நிறைந்து நிற்கும். நிலம் என்று சொன்னாலும் அதுவும் தண்ணீர்தானே? அது புயலுக்குப் பலம் கொடுக்காதா?

சீர்காழி வாத்தியார்:

அருமையான கேள்வி. இதையே ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவில் எரின் என்று ஒரு புயல் டெக்ஸாஸில் கரையேறித் தளர்ந்தது. கடலைவிட்டு வெகுதூரம் உள்ளே, ஓக்லஹோமா மாநிலத்தில் போய் மறுபடி வலுத்தது. கண் மாதிரி ஒரு அமைப்புகூட ரேடாரில் தெரிந்தது. அதற்கு முன் பெய்த மழையில் மண் ஊறிக் கிடந்ததும், அதிலிருந்து ஆவியான ஈரமும் காரணமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே ஊறிய மண்ணும் ஓரளவுக்கு ஈரம் கொடுக்கும், புயல் சீக்கிரம் தளராமல் பார்த்துக்கொள்ளும்.

ஆனால் நம் விஷயத்தில் இரண்டு தடை. மழைக்காலத்தில் நம் வயல் தண்ணீர் கடல் அளவுக்குச் சூடாக இருக்காது, மேகமூட்டத்தில் குளிர்ந்துவிடும். அப்புறம் டெல்டாவின் அகலம். கடற்கரையிலிருந்து கல்லணை வரை போக ஒரு புயலுக்குச் சில மணி நேரம் போதும். அதற்குள் நம் வயல் கொடுக்கிற ஈரத்தில் பெரிதாக எதுவும் ஆகிவிடாது. பழைய சுழற்சி கலைய எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான்.

நிறைந்த வயலால் உங்களுக்கு வருகிற ஆபத்து வேறு இடத்தில். தாழ்வு மண்டலம் தளர்ந்துபோய் கரைக்கு எதிரே கடலில் நின்றால், கரையை நோக்கி அடிக்கிற காற்று கடல் மட்டத்தைத் தூக்கி வைத்திருக்கும். அடப்பாறும் அரிச்சந்திராவும் கொண்டுவருகிற தண்ணீரைக் கடல் உள்வாங்காது. அண்ணாச்சி சொன்ன அதே அலை, அதே முகத்துவாரம். மழை விட்ட பிறகும் வயலில் தண்ணீர் ஏறுவது இதனால்தான். வாடகை இன்ஜினை வேண்டாம் என்று சொல்வதற்கு முன் டிவியைப் பார்க்காமல் கடைமடை சட்ரஸுக்கு (தண்ணீரைத் திறந்து மூடுகிற மதகு) ஒரு ஆளை அனுப்பி, கடல் பக்கத் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று பார்த்து வரச் சொல்லுங்கள்.

கடைமடைக்காரி (தலைஞாயிறு):

சட்ரஸ் பக்கம் போய்ப் பார்க்கிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள், இனி அவர்களிடம் கேட்டுவிட்டுத்தான் இன்ஜின்காரருக்குப் பதில் சொல்வேன். எங்கள் வடிகாலில் நெய்வேலி காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் அடைத்துக் கிடக்கிறது. கடல் வாங்கினாலும் தண்ணீர் அதுவரை போய்ச் சேர வேண்டுமே. புரட்டாசி முடிவதற்குள் பக்கத்து நிலத்துக்காரர்களைச் சேர்த்து வெட்டிவிடலாம் என்று பேசியிருக்கிறோம்.

இரவில் மழை பிடித்துக்கொண்டால் நேரத்துக்கு நேரம் பார்க்க எது நல்லது ஐயா?

சீர்காழி வாத்தியார்:

காரைக்கால் ரேடார். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் இணையதளத்தில் செல்போனிலேயே திறக்கும். நாகை, வேதாரண்யம், திருவாரூர் எல்லாம் அதன் பார்வைக்குள் வரும். கடலிலிருந்து மேகக் கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே தடத்தில் வந்து உங்கள் ஊர் மேல் ஏறுகிறது என்றால், செய்தி எதைச் சொன்னாலும் மழை விடப்போவதில்லை. பல நேரம் நள்ளிரவுக்கு மேல் விடிகாலை வரைதான் அது கூடும். அந்த நேரத்தில் ஒருமுறை எழுந்து பாருங்கள்.